பேனைப் பெருமாளாக்கிய டீச்சர்

அந்தச் செய்தி எனக்கு வருவதற்கு முன்னால் எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டது.

இசைக்கருவிகளைப் பற்றிய தமிழ்ப் பாடம். உடுக்கை எப்படி ஒலிக்கும் என்று காட்டுவதற்காக என் கைப்பேசியை வகுப்பறையின் பெரிய திரையோடு இணைத்திருந்தேன். உடுக்கைக்காரர் கையை உயர்த்தினார். அதே நேரம் திரையின் மேல் ஓரத்திலிருந்து ஒரு பட்டை இறங்கியது. எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்த தகவல். பலகையில் எழுத்து தெரிந்தால் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைகளைப் பழக்கியவள் நான்தான். முன் வரிசையிலிருந்த ஒரு பெண் எழுந்து நின்று நிறுத்தி நிதானமாகப் படித்தாள்: "நமது அறிவியல் ஆசிரியை திருமதி குணசுந்தரி அவர்கள் இன்று காலை..." அதற்கு மேல் பட்டையில் இடமில்லை. மூன்று புள்ளிகள் மட்டும் இருந்தன. நாற்பது முகங்கள் என் பக்கம் திரும்பின. மீதியை நான் சொல்ல வேண்டியிருந்தது.

உடுக்கை தன் பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்த எந்த இடத்தைத் தொடுவது என்பதுகூட எனக்கு மறந்துவிட்டது. ஒரு பையன் வந்து நிறுத்தினான்.

குணசுந்தரி டீச்சரை அறிந்த உங்களுக்குத் தெரியும், இதைக் கேட்டால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று. "நோட்டிபிகேஷன ஆஃப் பண்ணிட்டு கனெக்ட் பண்ணுங்கன்னு எத்தினி வாட்டி சொன்னேன் தமிழம்மா?" தன் சாவுச் செய்தியாக இருந்தாலும் முதலில் அதைத்தான் சொல்லியிருப்பார். இந்த அஞ்சலியை அழுதபடி எழுதுவேன் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவரை நினைத்தவுடன் எனக்குள் ஒரு பரபரப்பு ஓடுகிறது. ஓட்டமும் நடையுமாக யாரோ கூப்பிட வருவதைப் போல. அதனால் அப்படியே எழுதிவிடுகிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் அவர் மாற்றலாகி ஜவ்வாது மலைக்கு வந்தார். வேலூர் பக்கத்துக் கணியம்பாடிக்காரர். வார நாட்களில் மேலே ஒரு வாடகை அறை, வெள்ளிக்கிழமை மாலை பேருந்தில் கீழே வீடு. அவர் வந்தபோது எங்கள் உண்டு உறைவிடப் பள்ளியில் ஒரு ஸ்மார்ட் போர்டு இருந்தது. இருந்தது என்றால், தலைமையாசிரியர் அறையில் அட்டைப் பெட்டிக்குள் இருந்தது. இரண்டு ஆயுத பூஜைகளுக்கு அந்தப் பெட்டிக்குச் சந்தனம் தெளித்து, குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்திருந்தோம். திறந்ததில்லை.

வந்த முதல் வாரமே அவர் தலைமையாசிரியரிடம் போய் நின்றார். "சார், இத்த எப்போ தொறக்கப் போறோம்?"

"ஒடஞ்சிட்டா யாரும்மா பதில் சொல்றது?"

"ஒடஞ்சா நான் சொல்றேன் சார். ஒடையாமயே கெட்டுப் போச்சின்னா நீங்க சொல்லுவீங்களா?"

தலைமையாசிரியர் நல்ல மனிதர். பயந்தவர், அவ்வளவுதான். அவர் யோசித்து முடிப்பதற்குள் குணசுந்தரி டீச்சர் சந்தனக் கறையோடு பெட்டியைப் பிரித்துவிட்டார். செங்கத்திலிருந்து ஓர் எலக்ட்ரீஷியனை வரவழைத்து, ஒரே நாளில் அறிவியல் அறைச் சுவரில் அதை மாட்டியாகிவிட்டது.

மறுநாள் அவர் ஒரு சின்னக் கருவியைக் கொண்டுவந்தார். கட்டைவிரல் அளவு. அதன் முனையில் கேமரா. எதை அதற்கடியில் வைத்தாலும் திரையில் பூதாகாரமாகத் தெரியும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொன்று எடுத்து வந்திருந்தார்கள். சாமைக் கதிர், புளியிலை, ஈசல் இறகு. ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, விடுதியில் தங்கிப் படிக்கும் ரஞ்சிதா என்ற பெண்ணின் நோட்டில் ஒரு பேன் விழுந்தது. பக்கத்திலிருந்தவள் "பேனு! பேனு!" என்று கத்த, வகுப்பே சிரித்தது. ரஞ்சிதா நோட்டை மூடப் போனாள்.

"நசுக்கிடாத! உசுரோட குடு!" என்று பாய்ந்து வந்தார் டீச்சர்.

அந்தக் காட்சியை நான் வாசலில் நின்று பார்த்தேன். திரையில் ஓர் ஆட்டுக்குட்டி அளவுக்குப் பேன் நின்றது. கண்ணாடி போன்ற வயிறு. அதற்குள் கருஞ்சிவப்பாக ஏதோ ஒன்று சுருங்கி விரிந்தது. ஆறு கால்களின் நுனியிலும் கொக்கி. ஒரு முடியை அந்தக் கொக்கிகளால் பற்றிக்கொண்டு அது நடந்தது. பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு எழுந்து வந்தது. சமையல்கார அம்மா கரண்டியோடு வந்தார். கடைசியாகத் தலைமையாசிரியர் வந்து திரையைப் பார்த்து, "இன்னாம்மா, பேனைப் பெருமாளாக்குறதுன்னு சொல்லுவாங்க, நீ மெய்யாலுமே ஆக்கிட்ட!" என்றார்.

"சேவிச்சிக்கோங்க சார்" என்றார் டீச்சர்.

எல்லோரும் சிரித்தோம், ரஞ்சிதாவைத் தவிர. அவள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். டீச்சர் அதைப் பார்த்துவிட்டார். உடனே நாற்காலியில் உட்கார்ந்து தன் கொண்டையை அவிழ்த்து, "வாங்கடி நாலு பேரு. எந்தலையில தேடுங்க" என்றார். அந்தப் பெண்கள் தேடிய வேகம் இருக்கிறதே! இரண்டே நிமிடத்தில் ஒன்று கிடைத்தது. அது கிடைத்தபோது எழுந்த ஆரவாரத்தைப் பள்ளி ஆண்டு விழாவில்கூட நான் கேட்டதில்லை. அதையும் முதல் பேனுக்குப் பக்கத்தில் விட்டார். "இதுல எது டீச்சர் பேனு, எது ரஞ்சிதா பேனு? சொல்லுங்க பாக்கலாம்."

யாராலும் சொல்ல முடியவில்லை. ரஞ்சிதா மெல்லத் தலை நிமிர்ந்து, "ரெண்டும் ஒண்ணாதான் டீச்சர் கீது" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை விடுதிப் பெண்கள் தாங்களாகவே சீப்பு கேட்டு வரிசையில் நின்றார்கள். ஒரு வருடம் திட்டியும் நடக்காததை ஒரு பேன் நடத்திவிட்டது என்று வார்டன் அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அப்போதும் மாறவில்லை. தமிழ் ஆசிரியை நான். பேச்சுதான் என் பிழைப்பு. திரை வந்தால் பிள்ளைகளின் வாய் மூடிவிடும் என்பது என் பயம். "உங்க பொட்டிய உங்க ரூம்லயே வெச்சிக்கோங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "சரி தமிழம்மா. ஆனா ஒரு நாள் நீங்களே வந்து கேப்பீங்க" என்றார். அன்று தொடங்கிய சண்டை நெடுநாள் நடந்தது. மதிய உணவு இடைவேளையில் சாம்பார் ஊற்றிக்கொண்டே சண்டை போடுவோம். மற்ற ஆசிரியர்கள் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்காருவார்கள்.

அடுத்த ஆண்டு பள்ளிக்குச் சில டேப்லட்டுகள் வந்தன. அவற்றில் கேள்விகள் வரும். சரியான விடையைத் தொட்டால் ஒரு நட்சத்திரம் மின்னி ஒரு மணி ஒலிக்கும். எட்டாம் வகுப்புக்கு வந்திருந்த ரஞ்சிதாதான் பள்ளியிலேயே அதிக நட்சத்திரம் வாங்கியவள். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. பார்ப்பவர்களிடமெல்லாம் அவள் பெருமையைப் பேசினார். பள்ளியைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தபோதும் ரஞ்சிதாவைத்தான் முன்னால் நிறுத்தினார்.

அந்த அதிகாரி டேப்லட்டைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த அளவுக் குவளையை எடுத்து அவளிடம் கொடுத்து, "இதுல நூறு மில்லி தண்ணி அளந்து ஊத்தும்மா" என்றார். கனிவாகத்தான் கேட்டார். அளவைகள் பாடத்தில் எல்லா நட்சத்திரங்களையும் வாங்கிய பெண் குவளையைப் பிடித்தபடி நின்றாள். எந்தக் கோட்டைப் பார்ப்பது என்று தெரியவில்லை. குத்துமதிப்பாக ஊற்றினாள். அது கோட்டைத் தாண்டிப் போனது. பின்னால் யாரோ சிரித்தார்கள். அதிகாரி "பரவாயில்லம்மா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். மறுநாள் காலை ரஞ்சிதாவின் படுக்கை காலியாக இருந்தது. ஊருக்குப் போகிற உறவினர் ஒருவரோடு அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். பத்து நாளாகியும் திரும்பி வரவில்லை.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று சொல்வதற்காகவே ஒரு மதியம் அறிவியல் அறைக்குப் போனேன். டீச்சர் ஒரு டேப்லட்டை மடியில் வைத்துக் கண்களை மூடியபடி விரலால் தட்டிக்கொண்டிருந்தார். மணி ஒலித்தது. மறுபடி தட்டினார். மறுபடி மணி.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "பாத்தீங்களா தமிழம்மா? தப்பானத தொட்டா ஆடுது, அடுத்தத தொடு, அதுவும் ஆடுனா அதுக்கு அடுத்தது. கடைசில நட்சத்திரம் வந்துடுது. கண்ண மூடிகினே ஆறு வாங்கிட்டேன். இத்த முதல் நாளே நான் பண்ணிப் பாத்திருக்கணும்."

சொல்ல வந்ததை நான் சொல்லவில்லை. "எப்போ போலாம் அவ ஊருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"இப்பவே" என்றார்.

பேருந்து ஓரிடம் வரைதான் போகும். அங்கிருந்து நடந்தோம். ரஞ்சிதாவின் வீட்டு வாசலில் அவள் அப்பா புளி அடித்துக்கொண்டிருந்தார். எழுந்து கும்பிட்டு, சாக்கை விரித்து எங்களை உட்காரச் சொன்னார். பிறகு கேட்டார்:

"டீச்சரம்மா, தப்பா நெனச்சிக்காதீங்க. அந்தப் பொட்டி எம்பொண்ணு கெட்டிக்காரின்னு சொல்லிச்சாம். வந்த ஆபீசரு முன்னாடி அதுக்கு ஒண்ணும் தெரியலன்னு ஆய்ட்ச்சாம். நான் படிக்காதவன். இதுல இன்னாதாங்க நெசம்?"

"பொட்டி சொன்னதும் நெசமில்லீங்க, ஒண்ணும் தெரியலன்றதும் நெசமில்லீங்க" என்றார் டீச்சர். "பொட்டிக்குப் பொண்ணு மொகம் தெரியாது. எனக்குத் தெரியும். நான் பாத்திருக்கணும். நட்சத்திரத்தயே பாத்துகினு இருந்துட்டேன். தப்பு எம்மேலங்க." உள்ளே கதவருகில் நின்ற ரஞ்சிதாவிடம் திரும்பி, "மன்னிச்சிக்கோடி" என்றார்.

ஓர் ஆசிரியை மாணவியிடம் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. ரஞ்சிதா அழுதுகொண்டே சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "எனக்குத் தெரியாதுன்றதே எனக்குத் தெரியாது டீச்சர். நட்சத்திரம் வந்துகினே இருந்திச்சி."

எங்களோடேயே அவளை அனுப்பி வைத்தார் அப்பா. அதன் பிறகு மூன்று மாதம், தினமும் மதியம், டீச்சரும் ரஞ்சிதாவும் பள்ளிக் குழாயடியில் இருந்தார்கள். குடம், டம்ளர், அளவுக் குவளை, எண்ணெய் அளக்கும் ஆழாக்கு, எல்லாவற்றிலும் தண்ணீரை ஊற்றி ஊற்றி அளந்தார்கள். இரண்டு பேர் புடவையும் பாவாடையும் தினமும் நனைந்திருக்கும். டேப்லட்டுகளை டீச்சர் தூக்கிப் போட்டுவிடவில்லை. அவற்றில் கேள்விகள் வருவதை நிறுத்தினார். அவற்றைக் கேமராவாக மாற்றினார். கையால் ஒன்றைச் செய்து, செய்தது ஏன் அப்படி ஆனது என்று ஒரு பிள்ளை சொல்ல, இன்னொரு பிள்ளை அதைப் படம் பிடிக்க வேண்டும். அதைக் கீழ் வகுப்புக்குப் போட்டுக் காட்டுவார். அளவுக் குவளையைக் கண் மட்டத்துக்கு வைத்துத்தான் படிக்க வேண்டும் என்று ஆறாம் வகுப்புக்கு இன்றும் சொல்லித் தருவது ரஞ்சிதாவின் குரல்தான். அந்தப் படத்தில் அவள் பாவாடை நனைந்திருப்பது தெரியும்.

திரை வந்தால் பேச்சே போய்விடும் என்று பயந்த நான், மலைப் பிள்ளைகள் கேமரா முன் வாய் ஓயாமல் பேசுவதைப் பார்த்தேன். ஒரு நாள் நானே போய்க் கேட்டேன்: "டீச்சர், நாளைக்கு மூணாவது பீரியட் போர்டு எனக்குக் கெடைக்குமா?" அவர் குதித்தார். உண்மையாகவே குதித்தார். அவர் காலடியில் இருந்த வாளி உருண்டது.

அந்த ஆண்டு குழந்தைகள் தினத்துக்கு ஒரு பட்டிமன்றம் வைத்தோம். "வகுப்பறையில் தொழில்நுட்பம் தருவது நன்மையா, தீமையா?" என்பது தலைப்பு. நடுவர் தலைமையாசிரியர். நன்மைக்கு டீச்சர், தீமைக்கு நான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். மேடை ஏறும் முன் அவர் என் கையைப் பிடித்தார். "தமிழம்மா, மாத்திக்கலாமா? நீங்க நன்மைக்குப் பேசுங்க. தீமைய நான் பேசறேன். எனக்குத்தான் அது நல்லாத் தெரியும்."

எழுதி வைத்திருந்த தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு நான் முதலில் பேசினேன். என்ன பேசுவது என்று தெரியாமல், ஏழாம் வகுப்பில் காது கேளாத ஒரு பையனைப் பற்றிப் பேசினேன். நான் கதை சொல்லும்போது எல்லோரும் சிரிப்பார்கள். அவன் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பான். ஒரு வேடிக்கைக் கதையைத் திரையில் எழுத்து ஓட ஓடப் போட்ட அன்று, மற்றவர்கள் சிரித்த அதே நொடியில் அவனும் சிரித்தான். இரண்டு வருடமாக என் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளை அன்றுதான் எங்களோடு சேர்ந்து சிரித்தான். "என் தொண்டையால் முடியாததை அந்தத் திரை செய்தது" என்று முடித்தேன். கைதட்டினார்கள். எனக்கே என் பேச்சு புதிதாக இருந்தது.

பிறகு அவர் எழுந்தார். "என் அருமைப் பலகையே!" என்று தொடங்கினார். சிரிப்பு. "உன்கிட்ட எரிமலை வெடிக்குது, யாருக்கும் சுடல. சாமை ரெண்டு நிமிசத்துல வெதச்சி ரெண்டு நிமிசத்துல அறுத்துடற. இங்க உக்காந்திருக்கிற அப்பா அம்மாவக் கேளு, ரெண்டு நிமிசத்துலயா அறுத்தாங்க? நடுவுல மழ வரல, பன்னி வந்து மேயல, ஒருத்தர் முதுகும் வலிக்கல. நீ காட்டறது பொய்யில்ல. ஆனா முழுசும் இல்ல. கடைசி பெஞ்சில ஒரு பையன் தூங்கறான். உனக்கு அது தெரியாது; நீ பாட்டுக்கு ஓடிகினே இருப்ப. எனக்குத் தெரியும். அவன் விடியறதுக்குள்ள மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்திருக்கான். நான் ரெண்டு நிமிசம் நிறுத்துவேன். உன்னால நிறுத்த முடியுமா?"

பெற்றோர் பக்கமிருந்து விசில் பறந்தது. தலைமையாசிரியர் அவருக்கே தீர்ப்பு சொன்னார்: தீமையே அதிகம்!

மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே டீச்சர் பலகையைத் துடைத்து, இயக்கி, காத்துக்கொண்டிருந்தார். "நேத்து அந்தத் திட்டு திட்டினீங்களே?" என்றேன்.

"திட்டினது மெய்தான் தமிழம்மா. மாமியாரகூடத் திட்டறோம், அதுக்காகச் சோறு போடாமயா வுட்டுட்டோம்?"

சென்ற ஆண்டு அவருக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரம் இரண்டு முறை வேலூரில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ். நீண்ட விடுப்பில் போனார். அவர் இல்லாத அறிவியல் அறை எப்படி இருந்தது என்பதைச் சொல்லப் போவதில்லை. ஏனென்றால் அது அதிக நாள் அப்படி இருக்கவில்லை. ஒரு காலை என் கைப்பேசி ஒலித்தது.

"தமிழம்மா, எட்டாவது பசங்களுக்கு கழிவுநீக்கப் பாடம் வந்திட்ச்சா?"

"அடுத்த வாரம். ஏன் டீச்சர்?"

"நான் நடத்தறேன். மிஷினு பக்கத்துலயே கீறேன், சும்மா படுத்துகினு இருக்கறதுக்கு!"

அப்படித்தான் அந்த வகுப்பு நடந்தது. பெரிய திரையில் மருத்துவமனைப் படுக்கையில் குணசுந்தரி டீச்சர். முகம் வீங்கியிருந்தது. கையிலிருந்து இரண்டு குழாய்கள் போயின. செவிலியர் ஒருவர் கைப்பேசியைப் பிடித்திருந்தார். முதலில் திட்டிவிட்டு, பிறகு அவரே நன்றாகக் காட்டத் தொடங்கிவிட்டார். "தோ பாருங்க, இந்தக் குழாய்ல என் ரத்தம் வெளிய போவுது. தோ, இந்த உருளைக்குள்ள போவுது. உள்ள முடி மாரி ஆயிரக்கணக்குல குழாய் கீது. அழுக்கு மட்டும் வெளிய போய்டும், ரத்தம் திரும்பி வரும்."

"சல்லடையா டீச்சர்?" என்று கத்தினான் திருமூர்த்தி என்ற பையன்.

"சல்லடையேதான்! சபாஷ்! யார்றா அது, திருமூர்த்தியா? கிட்ட வா, மூஞ்சியக் காட்டு!"

பிள்ளைகள் எழுந்து திரையைச் சூழ்ந்துகொண்டார்கள். வலிக்குதா, எவ்வளவு நேரம், ரத்தம் சில்லென்று திரும்பி வருமா என்று கேள்விமேல் கேள்வி. ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் மலர்ந்தது. நடுவில் இணைப்பு அறுந்தது. வாய் திறந்தபடி அவர் முகம் உறைந்து நின்றது. ஒரு பிள்ளைகூட இடத்தை விட்டு நகரவில்லை. திரும்பி வந்ததும் கூச்சல். அப்போது திருமூர்த்தி கேட்டான்: "டீச்சர், மிஷினு கீதே, அப்போ நீங்க சாவ மாட்டீங்கதானே?"

நான் அவன் வாயைப் பொத்தப் போனேன். டீச்சர் திரையிலிருந்தே என்னைத் தடுத்தார். "வுடுங்க தமிழம்மா, நல்ல கேள்வி." அவனைப் பார்த்துச் சொன்னார்: "மிஷினு கிட்னியோட வேலையில கொஞ்சம் செய்யும்டா. அதனாலதான் இன்னிக்கி உங்ககூடப் பேசிகினு கீறேன். ஆனா அது கிட்னி ஆவாது. கிட்னி தூங்கும்போதுகூட வேல செய்யும், இது வாரத்துக்கு ரெண்டு நாள்தான். அதனால சாவமாட்டேன்னு சொல்ல முடியாது. எத்தினி நாள் கெடைக்குதோ அத்தினி நாள் கிளாஸ் எடுப்பேன். சரியா?"

"சரி டீச்சர்" என்றது வகுப்பு.

இன்னும் நான்கு வகுப்புகள் எடுத்தார்.

கணியம்பாடிக்கு நாங்கள் ஒரு வேன் பிடித்துப் போனோம். அவர் கணவர் எங்களைக் கண்டதும், "பசங்களயும் கூப்ட்டு வந்திருக்கலாமே" என்றார். கூட்டத்தில் ஒரு பெண் என் அருகில் வந்து நின்றாள். ரஞ்சிதா. வேலூரில் செவிலியர் படிப்பில் முதலாம் ஆண்டு. டயாலிசிஸ் நாட்களில் வகுப்பு முடிந்து டீச்சரைப் பார்க்கப் போவாளாம். "போனா ஒடம்பு எப்படின்னு கேக்க வுட மாட்டாங்க டீச்சர். இந்த மருந்து எத்தினி மில்லி, அளந்து காட்டுன்னுவாங்க" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள், சிரித்தாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நானும் அதையேதான் செய்தேன்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது எது என்று இத்தனை நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். போன வாரம்தான் அது எனக்கே தெரிந்தது.

வேறு அறிவியல் ஆசிரியர் வரும்வரை எட்டாம் வகுப்பு அறிவியலை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் தலைமையாசிரியர். சுவாசம் பற்றிய பாடம். திரையில் நுரையீரல் விரிந்து சுருங்குவதைப் போட்டேன். திருமூர்த்தி எழுந்தான். "டீச்சர், மூச்ச முழுசா வுட்டுட்டா உள்ள ஒண்ணுமே இருக்காதா? காத்து போன பலூன் மாரி ஒட்டிக்குமா?"

"அதெல்லாம் பெரிய வகுப்பில் படிப்பாய்" என்று சொல்வதுதான் என் பழக்கம். இருபது ஆண்டு அப்படித்தான் சொல்லிவந்தேன். ஆனால் என் வாயிலிருந்து வேறொன்று வந்தது: "தெரியலையே!"

டீச்சரோடு வேலை செய்தவர்களுக்கு அவர் அந்தச் சொல்லைச் சொல்லும் தொனி ஞாபகமிருக்கும். நம்மில் பலர் தெரியவில்லை என்பதைக் கூச்சத்தோடு, குரலைத் தாழ்த்திச் சொல்வோம். அவர் கண்கள் விரிய, ஏதோ பரிசு விழுந்ததைப் போலச் சொல்வார். நானும் அப்படியே சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தமிழ் டீச்சருக்குத் தெரியாதாம்! வகுப்பு சூடு பிடித்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம எங்க வூட்ல ஆடு அறுக்கறாங்க டீச்சர், நுரையீரல எடுத்தாரவா?" என்று ஒரு பையன் கேட்டான்.

"எடுத்தா!"

திங்கட்கிழமை ஒரு தூக்குவாளியில் அது வந்தது. மூச்சுக்குழாயில் சைக்கிள் பம்பின் குழாயைச் செருகித் துணியால் கட்டினோம். சுருங்கிக் கிடந்த கருஞ்சிவப்புச் சதை, பம்பு அடிக்க அடிக்க, இளஞ்சிவப்பாக விரிந்து விரிந்து மேசையில் எழுந்து வந்தது. நாற்பது பேரும் கத்தினோம். பம்பை எடுத்ததும் அது சுருங்கியது. எல்லாக் காற்றும் போய்விட்டதா? எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்குத் தெரியவில்லை. முன் வரிசைப் பெண்தான் சொன்னாள்: "தண்ணியில போட்டுப் பாக்கலாம் டீச்சர்." ஒரு துண்டை வெட்டி வாளியில் போட்டோம். பக்கத்தில், தூக்குவாளியில் கூடவே வந்திருந்த ஈரலிலும் ஒரு துண்டு போட்டோம். ஈரல் அடியில் போய் உட்கார்ந்தது.

"மெதக்குது டீச்சர்! நுரையீரல் மெதக்குது! உள்ள இன்னும் காத்து கீது!" என்று திருமூர்த்தி கூவினான். யாரோ என்னைக் கட்டிப் பிடித்தார்கள். நான் யாரையோ கட்டிப் பிடித்தேன். கையெல்லாம் ரத்தவாடை. வாசலில் தலைமையாசிரியர் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"தெரியலையே" என்ற அந்தச் சொல்லை நான் வைத்துக்கொள்கிறேன் டீச்சர். நீங்கள் சொன்ன அதே தொனியில்.

அடுத்தது மின்சாரம். அதில் எனக்கு ஒன்றுமே தெரியாது. எப்போது திங்கட்கிழமை வரும் என்று இருக்கிறது.